பத்து நாள் யாரும் பார்க்காத முதுகு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று செய்யூர்ப் பக்கம் எந்தச் சவுக்குத் தோப்பு வெட்டுக்கு வந்தாலும் முதலில் இந்தத் தேவசகாயத்தைத்தான் தேடி வருவார்கள். மூன்று லாரி ஓடுகிறது. ஒருத்தன் கையைப் பிடித்து நான் மேலே வந்ததில்லை. ஆனால் இந்த உடம்பு இன்று நடமாடுகிறதென்றால் அதற்கு ஒரு நர்சு காரணம். அவளைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

பெயர் பதருன்னிசா. சதுரங்கப்பட்டினத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஜலாலுதீனுக்கு ஒரே மகள். ஆண்கள் வார்டில் வேலை என்றதும், கண்ட ஆம்பளை உடம்பைத் தொடுகிறவள் என்று பேசி, வந்த இரண்டு சம்பந்தமும் திரும்பிப் போய்விட்டன. செங்கல்பட்டுச் சீமையில் ஓர் ஆஸ்பத்திரி, எது என்று சொல்ல மாட்டேன், அதற்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். ஒரே வார்டில் பதினோரு வருஷம். "எனக்கு வூடுன்னா இதுதான். இங்கேர்ந்து அனுப்பாம இருந்தா போதும்" என்பாள்.

1974, ஆடி மாதம். லாரியில் சவுக்கு லோடு மேலே நின்று கயிறு இழுத்தபோது விழுந்தேன். தொடை எலும்பு முறிந்தது. காலில் பட்டை சுற்றி, கட்டில் ஓரமாகக் கயிறு விட்டு, எடையைத் தொங்கவிட்டார்கள். மூன்று மாதம் மல்லாந்தே கிடக்க வேண்டும் என்றார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுச் சொந்தக்காரர் ஒருத்தர் இருப்பார். துடைப்பது, புரட்டுவது, மலம் கழிக்கப் பாத்திரம் வைப்பது எல்லாம் அவர் வேலை. நர்சு ஊசி போடுவாள், மாத்திரை கொடுப்பாள், நோட்டில் எழுதுவாள். என் கட்டிலுக்குக் கீழே பாய் இல்லை. எனக்கு அப்போது கல்யாணமும் ஆகவில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கூடப் பிறந்தவர்கள் கிடையாது. தோப்பில் என்னிடம் வேலை செய்தவர்களை வரக்கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். படுத்துக் கிடக்கிற மேஸ்திரியைப் பார்த்தால் நாளைக்கு எவன் பயப்படுவான்?

நாலு மணிக்குப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுவார்கள். ஆரஞ்சும் அழுகையுமாக வார்டு நிறைந்துவிடும். அந்த நேரத்தில்தான் பதருன்னிசா என்னிடம் வருவாள்.

"இன்னா மேஸ்திரி, இன்னிக்கும் யாரும் வரலியா?"

"எனக்கு எதுக்கு ஆளு? நான் இன்னா கொயந்தையா?"

"எனக்குந்தான் யாரும் வர்றதில்ல. ஆனா நான் நடந்துகினு கீறேன், நீ படுத்துகினு கீற. கயித்தப் புடி, எயும்பு."

தலைக்கு மேல் கட்டின கயிற்றைப் பிடித்து உடம்பைத் தூக்குவேன். அடியில் கைவிட்டுத் துடைத்து, ஸ்பிரிட் தேய்த்து, பவுடர் போட்டு, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுவாள். அவள் கையில் என் முதுகு ஒரு மாதம் கண்ணாடி மாதிரி இருந்தது.

அப்புறம் அவள் அத்தா ஜலாலுதீனுக்கு உடம்பு முடியவில்லை என்று பத்து நாள் லீவில் போனாள். போகும்போது சரோஜா என்ற சின்ன நர்சிடம் என்னைக் காட்டி, "ஒம்பதாம் கட்டிலுக்கு ஆள் கெடையாது, நீதான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சரோஜாவுக்கு இருபது வயது இருக்கும். அவள் என் முதுகைத் துடைப்பதா? எனக்குக் கூசியது.

"முதுகு தொடைச்சாச்சா?" என்று தள்ளி நின்றே கேட்டாள்.

"ஆச்சும்மா. தங்கச்சி வந்து தொடைச்சிட்டுப் போச்சு."

சொந்தக்காரர் செய்வதுதான் வழக்கம் என்பதால் அவளும் நம்பி நோட்டில் டிக் போட்டாள். பத்து நாளும் அந்தத் தங்கச்சி வந்து போனாள். நாலாம் நாள் முதுகு எரிந்தது. ஏழாம் நாள் எரிச்சல் நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அத்தாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவள், என் கட்டிலுக்குப் பத்தடி முன்னாலேயே அழுகல் வாடையை மோந்துவிட்டாள்.

"எயும்பு."

தூக்கினேன். வால் எலும்புக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து அழுகியிருந்ததாம். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் பெரிய டாக்டர் கோபாலகிருஷ்ணன் வந்தார். நோட்டைப் புரட்டினார். தினம் டிக். "யார் பார்த்தது இது?" என்றார். சரோஜா பதருன்னிசாவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

நான் யாருக்கும் தலை குனியாதவன். அன்றைக்குக் குனிந்தேன். "சார், பொய் சொன்னது நான். எனக்குத் தங்கச்சியே கெடையாது" என்று வார்டே கேட்கச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பதருன்னிசா முன்னால் வந்தாள். "நோயாளி ஆயிரம் சொல்வாரு சார். தூக்கிப் பார்த்துட்டுத்தான் டிக் போடணும். அதை நான் எழுதி வெச்சிட்டுப் போகல. சொந்தக்காரங்க பார்த்துப்பாங்கன்னு பதினோரு வருஷமா நானும் விட்டுட்டேன். வார்டு என் பொறுப்பு."

"அப்படின்னா நான் மேல எழுதித்தான் ஆகணும்மா."

"எழுதுங்க சார்."

என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். மாற்றல் உத்தரவு வர ஐந்து வாரமானது. அந்த ஐந்து வாரமும் காலையும் மாலையும் என் புண்ணைக் கழுவிக் கட்டினாள். கறுப்பு விலகிச் சிவப்புச் சதை வந்தது. உத்தரவில் இருந்தது தெற்கே ஏதோ ஒரு ஊர். பெயர்கூட எங்களுக்குப் புதிது.

போகிற அன்று சரோஜாவைக் கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாக ஒவ்வொருத்தரையும் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். சொந்தக்காரர் இருக்கிற கட்டிலையும் விடவில்லை. எல்லப்பன் என்ற கிழவரின் பெண்டாட்டி காசியம்மாள் சண்டைக்கு வந்தாள்.

"எங்க ஆளை நான் பார்த்துக்க மாட்டேனா? உனக்கு இன்னாம்மா?"

"பார்த்துக்கோ ஆயா. நாங்களும் பார்க்கறோம்."

கிழவர் குதிகாலில், புண் வரப்போகிற இடத்தில், சிவப்பாக ஒரு தடம் இருந்தது. காசியம்மாள் தானே அவர் காலைத் தூக்கிப் பிடித்தாள்.

மணி நாலாகிவிட்டது. ஜனம் உள்ளே வந்தது. அந்த நெரிசலில் அவள் பெட்டியோடு வெளியே போனாள். அவரவர் கட்டிலைச் சுற்றி அவரவர் ஆட்கள். எழுந்து போய் வழியனுப்ப நினைத்தவன் நான் ஒருத்தன்தான், என் காலில் எடை தொங்கியது.

ஊருக்கு வந்த பிறகு, சரோஜாவிடம் விலாசம் வாங்கி, புண் ஆறிவிட்டது என்று பதருன்னிசாவுக்கு ஒரு கார்டு போட்டேன். பதில் வந்தது. "நீ சொன்னால் போதாது. யாரையாவது பார்க்கச் சொல்லி எழுது."

பார்க்கச் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்? சலூனுக்குப் போய், முடி வெட்டுகிற தர்மராஜுக்கு முதுகைக் காட்டி லுங்கியை நாலு விரல் இறக்கினேன்.

"இன்னா அண்ணாத்த இது?"

"பார்த்துச் சொல்லுடா."

குனிந்து பார்த்தான். "காஞ்சு போச்சு அண்ணாத்த. தழும்புதான் கீது" என்றான். அதை அப்படியே அவளுக்கு எழுதிப் போட்டேன்.