முன்னால் பார்க்க வேண்டிய இரண்டு மீன்கள்

படம் கீற வழி செய்தவருக்குப் பாராட்டு, அந்தப் படத்தைச் சேமிக்க வழி செய்தவளுக்கு ஏச்சு. மென்பொருள் எழுதுகிற எங்கள் தொழில் இதுதான். திரையில் நிற்கிற வட்டம், கோடு, மீன் எல்லாவற்றையும் எழுத்தாக்கிக் கோப்பில் போட வேண்டும். கோப்பைத் திறந்தால் எல்லாம் போனமாதிரியே திரும்பி வர வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

நிறுத்தாத கணினி

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, படகுகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறவர் நிசார் நானா. எங்கள் அலுவலகம் எழுதின படம் கீறும் நிரல் தொகுப்பில், அதாவது வரைகலை லைப்ரரியில், ஓடுகிற செயலியில்தான் கீறுவார். சேமித்த படம் திறக்கும்போது கோணலாய் வந்ததால், கணினியை நிறுத்துவதையே விட்டுவிட்டார். திரையில் இருந்தது அவர் மச்சானின் படகுக்கான படம். பிறத்தியார் படகிலேயே மீன்பிடித் தொழிலுக்குப் போன மனிதர் வாங்கிய முதல் படகு அது. வியாழன் பின்னேரம் படகு வரும், அளந்துதான் வெட்டலாம். வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கடலில் இறக்குவார்கள். அதற்குள் வியாழன் காலை கரண்ட் நிற்கும் என்று அறிவித்துவிட்டார்கள்.

“தங்கச்சி, இந்தப் படம் போனா நான் மச்சான்ட மூஞ்சைப் பாக்க ஏலாது.”

அம்மா ஆர், மகள் ஆர்

திங்கட்கிழமை அலுவலகத்தில் அதேமாதிரி ஒரு படம் கீறி ‘சேமி’யை அழுத்தினால் என் கணினி விறைத்து நின்றது. மீன்கள் ஒன்றாய்ச் சேர்த்துக் கட்டின ஒரு கூட்டத்துக்குள் இருந்தன. கூட்டத்தை எழுதப் போனால் அது மீனைக் காட்டும், மீனை எழுதப் போனால் அது கூட்டத்தைக் காட்டும். கட்டைபறிச்சான் பஸ்ஸில் என் மூன்று வயது மகளிடம் ஒருவர் “நீ ஆர்?” என்றார். “அம்மாட மகள்.” “அம்மா ஆர்?” “என்ர அம்மா.” அந்தக் கதைதான் இதுவும். கூட்டம் மட்டும் மீன்களை எழுதட்டும், மீன்களுக்குத் தாய் யாரென்று திறக்கும்போது சொல்லிக்கொள்வோம் என்று மாற்றினேன். பக்கத்து மேசை வதனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“மகளைப் பெத்தது சரி அக்கா, அவளின்ர கதையை ஏன் மீனுக்கும் பழக்கினீங்கள்?”

வீட்டை வருகிற மீன்

புதன்கிழமை நானாவின் படத்தைச் சேமித்து என் லப்டொப்பில் திறந்தேன். நிறம் சரி, எழுத்தும் சரி. எனக்கு மூச்சு வந்தது. நானாவுக்கு வரவில்லை. படகின் முன்பக்கம் இடமும் வலமும் மீன் ஒட்டினால் இரண்டும் கடலைப் பார்க்க வேண்டும், அதற்காக ஒன்றைக் கண்ணாடியில் போலத் திருப்பியிருந்தார். எங்கள் லைப்ரரியில் திருப்பின பொருளின் அகலம் கழித்தல் எண். அகலத்துக்கு ஏது கழித்தல்? ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்படிப் படிக்கவில்லையே! பிழையாக்கும் என்று நினைத்து, சேமிக்கும்போது அந்தக் குறியை நீக்கும்படி எழுதியிருந்தனான்; திறந்தால் இரண்டு மீனும் ஒரே பக்கம் பார்த்தன.

“ஒரு மீன் தொழிலுக்குப் போகுது, மத்தது வீட்டை வருது. இதை ஒட்டினா ஊரே சிரிக்கும் தங்கச்சி!”

கரண்ட் வந்த நேரம்

குறியை விட்டுவைத்தேன். வியாழன் காலை நான் கடையில் நிற்க, நானா புதுசாய்ச் சேமித்தார். கொஞ்ச நேரத்தில் விசிறி நின்றது, திரை இருண்டது. பிளேன்டீ வந்தது, ஆறியது, இருவரும் குடிக்கவில்லை. மத்தியானம் கரண்ட் வந்ததும் நானா கதிரையில் இருக்காமல் நின்றபடியே கோப்பைத் திறந்தார். ஒரு மீன் இடப்பக்கம் பார்த்தது, மற்றது வலப்பக்கம் பார்த்தது. மூடினார், திரும்பத் திறந்தார். மீன்கள் அசையவில்லை. ஆறின தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு அவரே கையை நீட்டிக் கணினியை நிறுத்தினார்.

“பாவம், எவ்வளவு நாளா முழிச்சிருந்தது. படகு வாற மட்டும் படுக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை படகு இறங்கியபோது இரண்டு மீனும் கடலைத்தான் பார்த்தன, அந்தப் பிழையான மீனைப்போல நான் மட்டும் வீட்டுப்பக்கம் திரும்பினேன்.