கீழ் லயத்துக் கூட்டம்

கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் பாலாம்பிகை இரண்டு பாடங்கள் படிப்பித்தாள். காலையில் புவியியல், இடைவேளைக்குப் பிறகு குடியியல். மலை ஏன் சரிகிறது என்று ஒரு வகுப்பில் சொல்வாள். கைகளை எண்ணி முடிவெடுப்பது ஏன் நியாயம் என்று அடுத்த வகுப்பில் சொல்வாள். அந்த இரண்டு பாடமும் ஒருநாள் தன் வீட்டுக்குப் பின்னாலேயே மோதிக்கொள்ளும் என்று அவள் நினைத்ததில்லை.

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் பிறந்தவள். வங்கியில் வேலை பார்த்த இராமநாதனைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு வந்து, அம்பிட்டியவில் மலையோரமாக ஒரு வீடு வாங்கினார்கள். அந்தக் குறுகிய தெருவில், அந்த ஒழுங்கையில், தமிழர் வீடு அது ஒன்றுதான். பக்கத்து வீடு அபேகோனுடையது. மிளகும் கராம்பும் வைத்திருந்த மனுசன், ஊர் அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தமிழர் வீடுகளைத் தேடித் தடிகளோடும் பெற்றோலோடும் ஆட்கள் வந்தபோது, புருசன் பெண்சாதி இருவரையும் தன் வீட்டில் மிளகு காயப்போடும் பரணில் ஏற்றிவிட்டு, அபேகோன் படலையில் போய் நின்றார். "இங்கே தமிழர் யாரும் இல்லை. உள்ளே வருவதென்றால் என்னை வெட்டிவிட்டு வாருங்கள்" என்று அவர் சிங்களத்தில் சொன்னதை, மிளகு நெடியில் தும்மல் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு பாலாம்பிகை கேட்டாள். வந்தவர்கள் அவர்களுடைய வீட்டுக் கண்ணாடிகளை உடைத்ததோடு போய்விட்டார்கள்.

அடுத்த வருசம் மலைக் கதை தொடங்கியது. வீடுகளுக்கு மேலே, ஓடை பிறக்கிற இடத்தில், கொஞ்சம் காடு மிஞ்சியிருந்தது. அதை வெட்டி, சரிவைக் குடைந்து ஒரு ரோட்டுப் போட்டால் மேலே இருக்கிற காணிகளுக்கு லொறி போகும், அபேகோனின் மகன்மார் அங்கே வீடு கட்டலாம், ஒழுங்கைக்காரர் எல்லாருக்கும் நன்மை. சங்கத்தில் அதற்கு எதிர்ப்பு இல்லை.

ஆனால் ஒழுங்கைக்குக் கீழே ஒரு லயம் இருந்தது. கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டம் ஒன்றின் பழைய வரிசை வீடுகள். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த அவர்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை, ஆகையால் வாக்கும் இல்லை. சங்கத்திலும் அவர்களைச் சேர்ப்பதில்லை. அங்கிருந்து இருளப்பன் ஒரு பின்னேரம் பாலாம்பிகையிடம் வந்தான். தோட்டம் கொத்தவும் மிளகு ஆயவும் ஒழுங்கையில் எல்லார் வீட்டுக்கும் வந்துபோகிறவன்.

"டீச்சர், மேல காட்டை வெட்டப் போறாங்களாம். மழை பேஞ்சா மண்ணு எங்க தலை மேலதானே வந்து விழும்? நாங்க போய்க் கேட்டா யாரு கேப்பா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சுக்கு மதிப்பு இருக்கு."

"ஓம் இருளப்பன், நான் கதைக்கிறன். நீங்கள் யோசியாதேங்கோ" என்றாள் பாலாம்பிகை. சொன்னபோது மனதாரத்தான் சொன்னாள்.

இராமநாதனுக்கு அது பிடிக்கவில்லை. "அந்த மனுசன் இல்லையெண்டா நாங்கள் அண்டைக்கே சாம்பல். அவருக்கு எதிரா நிண்டு கதைக்கப் போறீரோ?"

"எதிரா இல்லை. தெரிஞ்சதைச் சொல்லப் போறன்."

"நாங்கள் இங்க ஒரு வீடுதான். அதை மறந்துபோடாதையும்."

கூட்டம் பாலர் பாடசாலைக் கட்டடத்தில் நடந்தது. அபேகோன் திட்டத்தை விளக்கிவிட்டு, பாலாம்பிகையின் பக்கம் திரும்பினார். "டீச்சர் இதையெல்லாம் படிப்பிக்கிறவர். நீங்களே சொல்லுங்கள், வெட்டினால் மலைக்கு ஏதும் ஆகுமா?"

அவர் தந்திரமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பாலாம்பிகைக்குப் பதில் தெரியும். சரிவு எவ்வளவு செங்குத்து, வேர்கள் போனால் அந்த மண் எவ்வளவு தண்ணீரைத் தாங்கும், ஓடையின் தலையில் கைவைத்தால் தண்ணீர் எங்கே திரும்பும் என்பதெல்லாம் அவள் கரும்பலகையில் வருசா வருசம் கீறிக் காட்டியவைதான். அவரைப் பார்த்தாள். அன்று படலையில் நின்ற அதே மனுசன்.

"பெரிதாக ஒன்றும் ஆகாது" என்று அவள் சிங்களத்தில் சொன்னாள்.

கைகள் உயர்ந்தன. அவளுடைய கையும் உயர்ந்தது. எண்ணவேண்டிய தேவையே இருக்கவில்லை.

சில நாள் கழித்து ஒழுங்கையில் எதிர்ப்பட்ட இருளப்பன், "சொன்னீங்களா டீச்சர்?" என்று கேட்டான். "எல்லாரும் சேர்ந்துதான் முடிவெடுத்தவை" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவனுக்குச் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதுதான் அவளை அதிகம் அரித்தது.

புல்டோசர் வந்து பாதித் தூரம் வெட்டியது. அதற்குள் மாரி மழை பிடித்துக்கொண்டது, வேலை நின்றது. மழை விடாமல் பெய்தது. ஒருநாள் காலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போன பிறகு, வெட்டிய சரிவு பெயர்ந்து இறங்கியது. ஒழுங்கை வீடுகள் ஒன்றுக்கும் சேதமில்லை. மண் ஓடைவழியே போய் லயத்தின் கடைசிக் காம்பராவை, இருளப்பனின் ஒற்றை அறை வீட்டை, மூடியது. காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்தவள் இருளப்பனின் மனைவி பேச்சியம்மா.

பாலாம்பிகை பாடசாலையிலிருந்து ஓடிவந்தபோது, அபேகோன் இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அங்கே அவரைவிட அதிகம் கிண்டியவர் எவருமில்லை. பேச்சியம்மாவை உயிரோடுதான் எடுத்தார்கள். பெரிய ரோட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது.

செத்தவீட்டில் பாலாம்பிகை பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் நமக்காகப் பேசிப் பார்த்தவர் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தேத்தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

அந்தப் பள்ளித் தவணையில் பெரும்பான்மை முடிவு பற்றிய பாடம் வந்தது. படிப்பிக்க எழும்பியவள் பாதியில் நின்றுவிட்டாள். கை தூக்கிய அத்தனை பேரும் மேலே இருந்தவர்கள். மண் போனது கீழே. சங்கத்தின் பெயர் இடாப்பில் உள்ளவர்களை மட்டும் கேட்டு எடுத்த முடிவை, அந்த இடாப்பைத் தெரியாத தண்ணீர் தன் வழியில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. லயத்துக்காரரையாவது கேட்டிருக்கலாம், அவர்களுக்கு வாய் இருந்தது. ஓடையை யார் கேட்பது? நாளைக்கு அந்தச் சரிவில் பிறக்கப்போகிற பிள்ளையை? அவர்களுக்காகப் பேசக்கூடிய ஒருத்தி அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவளும் கையைத் தூக்கினாள்.

அடுத்த கூட்டத்தில் அவள் எழும்பி நின்றாள். இராமநாதன் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"அன்றைக்கு நான் சொன்னது பொய். மலை சரிந்து வரும் என்று எனக்குத் தெரியும்."

"ஏன் டீச்சர்?" என்றார் அபேகோன்.

"உங்களுக்கு எதிராகப் பேச எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் உயிரோடு இருப்பது உங்களால்."

அவருடைய முகம் சிவந்தது. "உங்கள் வாயை அடைக்கவா நான் அன்றைக்குப் படலையில் நின்றேன்? நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனே."

உண்மையில் நிறுத்தியிருப்பாரா? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய இனி வழியில்லை. அது அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

அழுதுகொண்டே அவள் ஒரு யோசனை சொன்னாள். இனி மலையையோ ஓடையையோ தொடுகிற எந்த முடிவையும் அந்த மண் கடைசியாகப் போய் விழும் வீட்டு முற்றத்தில் கூடித்தான் எடுக்கவேண்டும். அந்த வீட்டுக்காரரும் கை தூக்கவேண்டும். பிரஜாவுரிமை இல்லாதவர்கள் எப்படிக் கை தூக்கலாம் என்று இரண்டு மூன்று பேர் கத்தினார்கள். அபேகோன் அவளைப் பார்க்காமலே, "மண் யாரிடமும் பிரஜாவுரிமை கேட்கவில்லை. நான் இதற்கு ஆதரவு" என்றார். முடிவு நிறைவேறியது. அதற்குப் பிறகு அவர் அவளுடைய வீட்டுப்பக்கம் வருவது குறைந்துபோனது.

அந்த முற்றத்தில் கூடுவதற்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. வடக்கில் சண்டை இறுகியது, சண்டிலிப்பாயிலிருந்து கடிதம் வருவது நின்றது. தெற்கில் சிங்கள இளைஞரின் கிளர்ச்சியும் அதை அடக்க வந்த படையுமாக வேறொரு கொலைக்காலம் வந்தது. நாலு பேர் ஓரிடத்தில் நின்றால் சந்தேகம், கடை மூடச் சொல்லிச் சுவரில் நோட்டீஸ், ஆற்றில் பிரேதங்கள். சங்கம் என்ற சொல்லைக்கூட ஒருவரும் எடுக்கவில்லை. இதற்கிடையில் புதுச் சட்டம் வந்து இருளப்பனுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது.

தொண்ணூறில் கொஞ்சம் மூச்சு வந்தது. பாதியில் நின்ற ரோட்டை முடித்து, லயத்துக்கும் ஒரு கிளை இறக்குவதா என்று தீர்மானிக்க, சங்கம் முதல்முறையாக லயத்து முற்றத்தில் கூடியது. ஒழுங்கைக்காரர் கதிரைகளில், லயத்துக்காரர் திண்டுகளிலும் கற்களிலும். பாலாம்பிகை இந்தமுறை ஒளிக்காமல் பேசினாள். மண்ணைத் தடுக்க மதில் கட்டினாலும் அந்தச் சரிவு தாங்காது, ஓடையின் தலையில் கை வைக்கக்கூடாது என்றாள்.

இருளப்பன் எழும்பினான்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. எங்களுக்கு ரோடு வேணும். அன்னைக்கு என் பொஞ்சாதிக்கு மூச்சு இருந்திச்சு. ரோடு இருந்திருந்தா வேன்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பேன். சேத்துல தோள்ல தூக்கிட்டுப் போனோம்." அவனுடைய குரலில் கோபம் இல்லை. "எங்களுக்காகப் பேச வேண்டியப்ப நீங்க பேசல. அது எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு எங்களுக்கு வேணும்னு கேக்கிறப்ப, வேணாம்னு பேசுறீங்க."

பாலாம்பிகை பக்கத்துக் கதிரையைப் பார்த்தாள். உட்கார்ந்துவிடலாம். அவன் கேட்பதற்குக் கை தூக்கிவிட்டால், தான் பட்ட கடனில் கொஞ்சமாவது தீரும். அப்படி நினைத்த அடுத்த கணமே, முன்பும் இதையேதானே செய்தேன் என்று உறைத்தது. அன்று நன்றிக்காக வாயை மூடினாள். இன்று குற்றத்துக்காக மூடினால், மலை அதைக் கேட்டு நிற்கப்போகிறதா?

"நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி இருளப்பன்" என்றாள். "நான் உங்களுக்குச் செய்தது துரோகம். எண்டாலும் மேலால வெட்டினா மலை திரும்பவும் வரும். ரோட்டைக் கீழால, பழைய தேயிலைக்குள்ளால கொண்டுபோங்கோ. லயத்துக்கும் அதுதான் கிட்ட."

கீழால் போனால் நாலைந்து பேரின் காணி பிளக்கும், மேலே வீடு கட்ட இருந்தவர்களுக்குப் பயனில்லை. லயத்துக்காரருக்கோ, பாதி வெட்டிய ரோட்டை விட்டுப் புதிதாகத் தொடங்கினால் இன்னும் எத்தனை வருசமோ என்ற பயம். கைகளை எண்ணினார்கள். அவளோடு கை தூக்கியவர்கள், கைக்குழந்தை வைத்திருந்த லயத்துப் பெண்கள் இரண்டு பேர் மட்டும். தோற்றுப்போனாள். ஆனால் எல்லாரும் எழும்பும் நேரத்தில் இருளப்பன், "ஓடை கிளம்புற எடத்து மரத்துல கை வைக்கக் கூடாது. அதையும் எழுதிக்குங்க" என்றான். அதற்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. அபேகோனின் கைதான் முதலில் உயர்ந்தது.

ரோட்டு மேலாலேயே போனது. மதிலில் மாரிக்கு மாரி வெடிப்பு விடும், பூசுவார்கள். இராமநாதன் ஓய்வு பெற்றதும் கலவரத்துக்குப் பிறகு பிறந்து கனடா போயிருந்த மகளிடம் போகலாம் என்று ஆன மட்டும் கேட்டார். அவள் மறுத்துவிட்டாள்.

பெருமழை பிடித்தால் குடையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கிப்போய், மலை சரிந்தால் மண் வந்து விழுகிற கடைசிக் காம்பராவில் உட்கார்ந்துவிடுவாள். மண்ணை எடுத்துத் திரும்பக் கட்டிய அதே காம்பராவில்தான் இருளப்பன் குடியிருந்தான். மழை விடும்வரை அசையமாட்டாள்.

"எதுக்கு டீச்சர் இந்த மழையில இங்க வந்து உக்காந்திருக்கீங்க?" என்று அவன் ஒருமுறை கேட்டான்.

"சும்மாதான்" என்றாள்.

அவன் ஒரு சாக்கை எடுத்துச் சுவரோரமாக விரித்தான்.

"அங்க ஒழுகும். இங்கிட்டு வந்து உக்காருங்க."