மீசை வைத்த பிள்ளைத்தாச்சி

அப்போது நான் மதுரையில் நாடக ராஜபார்ட். பேசும் படம் வந்து எங்கள் கொட்டகை ஈ ஓட்டத் தொடங்கியபோது எனக்கும் ஒரு படம் கிடைத்தது. கிடைத்ததுதான் வினை. ரெண்டாயிரமாவது வருஷத்தில் ஆண்கள்தான் பிள்ளை பெறுவார்கள் என்று ஒருவர் நாவல் எழுதி ஊரெல்லாம் வசவு வாங்கியிருந்தார். ஒரு பட முதலாளிக்கு அந்த வசவே விளம்பரமாகத் தெரிந்தது. பிள்ளை பெறும் கதாநாயகன் நான்.

சேதி எழுமலையில் இருந்த என் தாய்மாமனுக்குப் போய்விட்டது. அவர் மகளை எனக்கென்று பேசி வைத்திருந்தார்கள். எனக்கும் அவள்மேல் உயிர். வயிற்றைத் தள்ளிக்கொண்டு படத்தில் நின்றால் பெண் கிடையாது என்று மாமா ஆள் விட்டுச் சொன்னார். எழுமலைக்கெல்லாம் இந்தப் படம் எங்கே வரப்போகிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வயிற்றைக் கட்டினேன்.

வயிறு இலவம்பஞ்சு. சித்திரை வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தால் தெரியும். மீசையை மட்டும் எடுக்கக் கூடாதென்று டைரக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுற்றிலும் கண்ணாடிக் குழாய்களில் கலர்த் தண்ணீர் கொதித்தது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர்த் தண்ணீர் எதற்கென்று யாரும் கேட்கவில்லை, அதுதான் விஞ்ஞானம். பிரசவக் காட்சியில் எப்படிக் கத்துவதென்று எனக்கும் தெரியாது, டைரக்டருக்கும் தெரியாது. அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். கடைசியில், கடைவாய்ப்பல் வலித்த நாளை நினைத்துக்கொண்டு கத்தினேன். பிரமாதம் என்றார்கள்.

படம் மதுரையில் ஓடவில்லை. ஓடாத படம் டூரிங் கொட்டகைக்குத்தானே போகும்? நேரே எழுமலைக்குப் போய்விட்டது. மாமா குடும்பத்தோடு முதல் ஆட்டத்துக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு நானும் பஸ் ஏறினேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். திரையில் நான் கத்தியதும் ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி எனக்கு யோசனை வந்தது.

வெளியே வரும்போது மாமா என்னைக் கண்டுகொண்டார். இனி என் வாசலை மிதிக்காதே என்று நாலு பேர் முன்னால் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் அவள் தலை குனிந்து நின்றாள். அத்தைதான் வாயைத் திறந்தாள்.

"அவன் கத்துனது பிள்ளை வலி இல்ல, பல்லு வலி. ஆனா கத்திப் பாக்கவாச்சும் ஒரு ஆம்பள வந்தானே. நான் அஞ்சு பெத்தேன். ஒரு தடவையாச்சும் நீங்க போயி ஒளிஞ்ச கெணத்தடிய விட்டு வந்து என்ன ஏதுன்னு கேட்டீகளா?"

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போ என்றார் என்னிடம். ஆவணியில் எங்கள் கல்யாணம் நடந்தது.

தலைப்பிரசவத்துக்கு அவள் தாய்வீட்டில் இருந்தாள். வலி கண்டதென்று சொன்னதும் என் கால் தானாகக் கிணற்றடிப் பக்கம் திரும்பியது. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"எங்க போறீக? வாசல்லயே நில்லுங்க. உங்க படத்த நான் முழுசாப் பாத்தேன்ல."

நின்றேன். அவள் முதல் தடவை கத்தியதும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன். அத்தை சொன்னது சரிதான், நான் கத்தியது வெறும் பல்வலி.