பிறந்த வீட்டுக் கதவில் என் விரல்

போன ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். மந்தைவெளியில் ஒரு அபார்ட்மெண்டில் இருக்கும் என் பிறந்த வீட்டு வாசலில், கையில் ரசப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். தம்பியும் அவன் மனைவியும் மகளைக் கூட்டிக்கொண்டு, தங்கள் கடை வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் போயிருந்தார்கள். சமையல் செய்யும் பெண் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பியிருந்தாள். அம்மா மட்டும்தான் உள்ளே. ஜுரம் வந்து வாய் கசக்கிறது, எதுவும் இறங்கவில்லை என்று காலையில் போனில் சொன்னாள். மனசு கேட்கவில்லை. மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு, அடையாறிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

அந்தக் கதவுக்குச் சாவி கிடையாது. விரல் வைத்தால் திறக்கும், நம்பர் அழுத்தினால் திறக்கும், தம்பி தி.நகர் கடையில் உட்கார்ந்தபடி செல்போனைத் தட்டினாலும் திறக்கும். பூட்டு மாட்டிய அன்று என்னையும் வரவழைத்து என் விரலைப் பதிய வைத்தான். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான், அப்பா வீட்டில் எனக்கிருந்த பங்கை அவனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லோரும் செய்வதுதான். எனக்கு அதில் வருத்தமும் இல்லை. "பத்திரம் கெடக்கட்டும்க்கா, நீ எப்ப வேணும்னாலும் வரலாம், போகலாம்" என்று சொல்லித்தான் என் விரலைப் பிடித்து அழுத்தினான். திரும்பும் வழியெல்லாம் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனேன். அப்படி ஒரு பைத்தியக்காரி நான்.

ஆக, அன்றைக்கு விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்து 'கீங்' என்றது. பாத்திரம் பிடித்த கை, வேர்வையாக இருக்கும் என்று புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் சிவப்பு. நாலைந்து தடவை முயன்றபின் பூட்டு கொஞ்ச நேரத்துக்கு முடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பெல் அடித்தேன்.

"யாரு?" என்று உள்ளிருந்து அம்மா குரல்.

"நாந்தாம்மா. கதவு திறக்க மாட்டேங்குது."

"இந்தா வந்துட்டேன், இரு."

"மெதுவா வாம்மா, அவசரமில்ல" என்றேன். வாக்கர் தரையில் தட்டித் தட்டி நெருங்கும் சத்தம் கேட்டது. கதவுக்குக் கொஞ்ச தூரத்தில் அது நின்றது. அப்புறம் இரும்பு சாயும் சத்தமும், கூடவே தொம்மென்று ஒரு சத்தமும். "அம்மா, அம்மா" என்று கதவைத் தட்டினேன். முனகல் மட்டும் வந்தது.

தம்பிக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தம்பி மனைவியும் எடுக்கவில்லை. மேளச் சத்தத்தில் எங்கே கேட்கப் போகிறது. அடுத்ததாகச் சமையல் பெண்ணைக் கூப்பிட்டு, அம்மா விழுந்துவிட்டாள், கதவு நம்பரைச் சொல்லு என்றேன். அவள் தயங்கினாள்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிக்கீறாருக்கா. இரு, நானே ஓடியாறேன். பக்கத்துலதான கீறேன்."

சொன்னபடி மூச்சிரைக்க ஓடிவந்தாள். பூட்டின் மேல் கையை வைத்தவள், அழுத்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தப்பா எடுத்துக்காதக்கா. கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்கோ."

திரும்பிக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் என்னைப் பெற்றவள் முனகிக்கொண்டு கிடக்கிறாள், நான் லிஃப்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாளைக்கு வேலை போனால் நானா வாங்கித் தரப் போகிறேன்.

அம்மா ஹாலில் ஒருக்களித்துக் கிடந்தாள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸில் போகும்போது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒன்ன வெளிய நிக்க வச்சுட்டனேம்மா" என்றாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வெடித்தது.

சாயங்காலம் தம்பி பட்டு வேட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். என் விரலுக்கு ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். சங்கடமே இல்லாமல் சொன்னான். "யார் யாருக்கு அனுமதி இருக்குன்னு சரிபாக்கச் சொல்லி ஆப்புல மெசேஜ் வந்துச்சுக்கா. நாங்க ரெண்டு பேரும் ஒக்காந்து, தெனமும் வேலையா வர்றவங்கள மட்டும் வச்சுக்கிட்டு மத்தத எடுத்துட்டோம். நீ எப்பவாவதுதான வர்ற."

யாரெல்லாம் மிச்சம் என்று கேட்டேன். சமையல் பெண், டிரைவர், தண்ணீர் கேன் போடுகிறவர், அவன் மகளுக்கு ஹிந்தி சொல்லித் தரும் டீச்சர். அந்த டீச்சர் வாரத்தில் மூன்று நாள்தான் வருவாள். ஆனால் அவள் வேலையாக வருகிறவள். நான் என்னைப் பெற்றவளைப் பார்க்க வருகிறவள், அது வேலையில் சேராது.

தம்பி மனைவியும் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். "வர்றதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு போன் போட்டிருந்தா, அங்கேருந்தே கதவத் தெறந்து விட்டிருப்போம், அத்தை எந்திரிச்சிருக்கவே மாட்டாங்க அண்ணி." ஆக, அம்மா விழுந்ததும் என் கணக்கில்தான். பதில் வாய்வரை வந்தது. ஆஸ்பத்திரியில் நாலு பேர் முன்னால் சண்டை வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். பார்த்துக்கொள்ள வைத்த நர்ஸ் சரிப்படவில்லை. தம்பி போன் செய்தான். "நீ பகல்ல வந்து பாத்துக்கிட்டா நல்லாருக்கும்க்கா. நாங்க ரெண்டு பேரும் கடைக்குப் போகணும்ல." போனேன். போன உடனே என் விரலை மறுபடி பதிய வைத்தான். இந்தத் தடவை எனக்குக் கண்ணீர் வரவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கதவு சமர்த்தாகத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை, அம்மா ஆசைப்பட்டாளே என்று இடியாப்பம் பிழிந்து எடுத்துக்கொண்டு போனேன். சிவப்பு விளக்கு. பெல் அடித்ததும் தம்பிதான் வந்து திறந்தான். "ஞாயித்துக்கெழம நாங்க வீட்லதான இருக்கோம்? அதான் மத்த நாளுக்கு மட்டும் போட்டேன். சமையல்காரம்மாவுக்கும் அப்படித்தான் வச்சிருக்கு" என்று, நல்ல ஏற்பாடு செய்தவன் மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவன் கெட்டவன் இல்லை என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். வேண்டுமென்றே செய்திருந்தால் நன்றாகத் திட்டிவிட்டாவது ஆறியிருப்பேன். என்னை நீக்குகிறோமே என்ற நினைப்புகூட இல்லாமல் நீக்கியவனிடம் என்னவென்று சண்டை போடுவது?

அம்மா இன்னும் எழுந்து நடக்கவில்லை. நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அவள் இருக்கிறவரை அந்தக் கதவில் விரலை வைப்பேன்; அதற்கப்புறம் என் பேரை எடுக்கத் தம்பி சிரமப்படவே வேண்டாம், அந்த வாசலை நான் மிதிக்கப்போவதில்லை.