எட்டாம் நம்பர் வண்டியில் பக்கத்து சீட்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஷேர் ஆட்டோவில் ஓரமாக உட்காரும் தைரியம்கூடக் கிடையாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர் பக்கத்தில் உரசுகிற மாதிரி வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். நான் பார்க்காவிட்டால் அது என்னைப் பார்க்காது என்று ஐம்பது வயது தாண்டியும் நம்புகிறேன். இந்த வீரனுடைய வீட்டு அலமாரி முழுக்கப் பந்தயக் கார்கள்.

எல்லாம் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவு. ஒரு காலத்தில் ராயபுரம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் பழைய ஃபியட்டையும் ஹெரால்டையும் வாங்கி, கனத்தையெல்லாம் கழற்றி எறிந்து, உடம்பைத் தாழ்த்தி, சக்கரத்தை அகலமாக்கி, சோழவரம் ஓடுதளத்துக்குப் பந்தயம் விட அனுப்புவார்கள். அந்த வண்டிகளில் ஒன்றுகூட இப்போது இல்லை. யார் வீட்டிலாவது ஒரு புகைப்படம் இருந்தால் போதும், பிளாஸ்டிக் தகடு வெட்டி, பட்டி பூசி, தேய்த்து, இருபத்துநாலில் ஒரு பங்காக அதைத் திரும்பச் செய்துவிடுவேன். ஓட்ட வேண்டாம், விழ வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். கோழைக்கு ஏற்ற பந்தயம்.

இதில் ஒரு கேலியும் உண்டு. என் சகலை நிஜமாகவே பந்தயக்காரர். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். முதல் விருந்தன்று மாமியார் சுவரில் இருந்த அவர் படத்தைப் பார்த்தார், ஆட்டோவில் வந்த மயக்கத்தில் சோடா குடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார், உள்ளே போனார். உயிரோடு இருக்கிற சகலையோடு போட்டி போடலாம். செத்த சகலைக்கு வயதும் ஏறாது, தொப்பையும் போடாது.

மனைவியின் அக்காவை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்மண்டபத்தில் தனியாக இருக்கிறார், ரவிக்கை தைக்கிறார். போன வருடம் ஒரு நாள் பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"தம்பி, இந்த வண்டிய எனக்கு செஞ்சி குடு. உள்ள ரெண்டு பேரு கீறாங்க. ரெண்டு பேரையும் செய்யி."

கறுப்பு வெள்ளைப் படம். ஒர்க்‌ஷாப் வாசலிலிருந்து ஒரு ஃபியட் வெளியே வருகிறது. கதவில் வட்டத்துக்குள் 8. ஓரத்தில் ஒரு மெக்கானிக் நின்று சிரிக்கிறார். வண்டியின் மூக்கு படத்தில் இடப்பக்கம் பார்க்கிறது, ஆகவே நமக்குத் தெரிவது வண்டியின் இடப்பக்கம். அந்தப் பக்கத்து ஜன்னலில், ஹெல்மெட்டும் கண்ணாடியும் மாட்டிய ஓர் ஆள் முழங்கையை வெளியே வைத்து உட்கார்ந்திருக்கிறார். ஸ்டியரிங் இருக்க வேண்டிய அந்தண்டைப் பக்கம் முழுக்க இருட்டு.

"இருட்டுல கீறது அவரு" என்றார் அக்கா. "பக்கத்துல குந்திகினு கீறது யாருன்னு எனக்குத் தெரியணும்."

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லையாம். ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று கேட்டிருக்கிறார். பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டேன், கனம் குறைய வேண்டும், உன்னை எங்கே உட்காரவைப்பது என்று சிரித்திருக்கிறார் சகலை. மறுநாள் காலை எடுத்த படம் இது. அன்று மாலை பந்தயம் முடிந்து வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது, செங்குன்றம் தாண்டுவதற்குள் லாரி. வண்டியில் அவர் மட்டும்தான் இருந்தார். படம் காரியத்தன்று கைக்கு வந்தது. ஒர்க்‌ஷாப் ஆட்களைக் கேட்டால், பக்கத்தில் யாரும் போனதாக ஞாபகம் இல்லை என்றார்கள். மறைக்கிறார்கள் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார்.

"கழட்டின சீட்டுல இவ எப்டி குந்திகினு கீறா?"

"இவளா? பொம்பளன்னு எப்டிக்கா சொல்றீங்க?"

"கை எம்மா ஒல்லியா கீது பாரு. நீதான் பூதக்கண்ணாடி வெச்சிகினு நோண்டுவியே, நோண்டு."

முப்பது வருடத்துக்கு மேலாக, தினமும் காலையில் அக்கா இந்தப் படத்தை எடுப்பார் என்று மனைவி பிறகு சொன்னாள். அந்த இருட்டிடம் இரண்டு வார்த்தை பேசுவார். அந்த முழங்கையை நாலு வார்த்தை திட்டுவார். அப்புறம்தான் தையல் மிஷினில் உட்காருவார்.

வண்டி சுலபமாக வந்தது. ஆட்கள்தான் வரவில்லை. டிரைவருக்குச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து முகம் செதுக்கினேன். பக்கத்து ஆளுக்கு எதைப் பார்த்துச் செதுக்குவது? ஹெல்மெட்டுக்குக் கீழே வழவழவென்று பட்டியோடு விட்டுவிட்டேன். சுண்டுவிரல் நகத்தளவு முகமில்லாத தலை. அதைப் பார்த்து ஒரு ஆம்பளை பயப்படுவானா? பயந்தேன். கைக்குட்டையால் மூடிவைத்தேன். கைக்குட்டை போர்த்திய பிறகு பிணம் மாதிரி இருந்தது, ஆகவே அதற்கும் பயந்தேன்.

அதோடு, கூரை ஒட்டாத அந்த வண்டி நகர ஆரம்பித்தது. இரவு சுவரைப் பார்த்து வைத்துவிட்டுப் படுத்தால், காலையில் மூக்கு வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். நேராக வண்ணாரப்பேட்டையில் எனக்குப் பெயிண்ட் விற்கும் பாயிடம் போய் நின்றேன். தொழுகை முடிந்து வருகிறவர்கள் பள்ளிவாசல் வாசலில் பிள்ளைகளுக்கு ஓதி ஊதுவார்களே, அதுபோல இதற்கும் ஊதச் சொல்ல முடியுமா என்று பையைத் திறந்து காட்டினேன்.

பாய் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாமு, கொழந்தைக்கு ஊதுவாங்க, தண்ணி பாட்டிலுக்கு ஊதுவாங்க. ரேஸ் காருக்கு ஊதுன்னு கேட்டா பள்ளிவாசல் ஹஜ்ரத் என்னியதான் ஊதித் தள்ளுவாரு. உனுக்கு பேஜாரு வண்டியில இல்ல, மண்டையில. போய் ஒரு டீ சாப்ட்டு படு."

வீட்டில் மனைவி இன்னும் கருணையில்லாமல் தீர்த்துவைத்தாள். அலமாரியில் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். வெளியே காட்டுப்பள்ளி துறைமுகம் போகிற டிரெய்லர் ஒன்று உறுமிக்கொண்டு போனது. தண்ணீர் நடுங்கியது. வண்டி அரை விரல்கடை உருண்டது.

"பாத்தியா? பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நீ சக்கரத்த சுத்துற மாரி செஞ்சி வெச்சிகீற."

"சரி. அப்ப அத வாசப்பக்கம் திருப்பறது யாரு?"

"தரை சாய்வா கீதுயா. வூடு கட்டின மேஸ்திரிய போய்க் கேளு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முழங்கையின் கோணத்தைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தை மேஜை விளக்கில் பீரோவைப் பார்த்த மாதிரி கிளிப் போட்டு மாட்டியிருந்தேன். கீழே விழுந்த பெயிண்ட் மூடியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது, பீரோ கண்ணாடியில் படம் தெரிந்தது.

பக்கத்து ஆள் சீட் மாறி உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் பக்கம். முழங்கை ஜன்னலில். வண்டி வலப்பக்கம் பார்த்துக் கிளம்பிக்கொண்டிருந்தது. கதவில் அதே 8.

நான் போட்ட சத்தத்துக்கு மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"சீட்டு மாறிட்டாண்டி! எந்திரிச்சி டிரைவர் சீட்டுல குந்திட்டான்!"

"கண்ணாடியில எல்லாம் திரும்பித்தான்யா தெரியும். ஒன் மூஞ்சிகூட…" என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். ஓரத்தில் சிரிக்கிற மெக்கானிக்கை விரலால் தொட்டாள். "இவன் பாக்கெட்ட பாரு."

கண்ணாடியில் அவருடைய சட்டைப் பாக்கெட், பேனாவோடு, இடது மார்பில் இருந்தது. எல்லாருக்கும் இருக்கிற இடம். விளக்கில் மாட்டியிருந்த படத்தில் அது வலது மார்பில் இருந்தது.

ஸ்டூடியோக்காரர் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்துவிட்டார். கதவில் 5 என்றோ 7 என்றோ இருந்திருந்தால் அன்றைக்கே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். எட்டு எப்படித் திருப்பினாலும் எட்டு. முழங்கைக்காரர் பக்கத்து ஆள் இல்லை. அவர்தான் வண்டி ஓட்டினவர்.

இதுவரை பயந்ததெல்லாம் ஒத்திகை என்று கல்மண்டபம் போகும் வழியில் தெரிந்தது. டிரெய்லர்கள் உரசிப் போயின, கண்ணை மூடத் தோன்றவில்லை. இதைக் கேட்டால் அக்கா என்ன ஆவார் என்பதுதான் பயம். வண்டியையும் படத்தையும் மிஷின் பலகையில் வைத்து, நான் எதுவும் விளக்காமல் அந்தப் பாக்கெட்டை மட்டும் காட்டினேன்.

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"வலப்பக்கம் பாக்கெட் வெச்சி எவன் தெப்பான்?" என்றார். பிறகு பித்தான் பட்டியைப் பார்த்தார். அதுவும் மாறித்தான் இருந்தது. படத்தைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். தையல்காரருக்குத் துணியின் உள்பக்கம் வெளிப்பக்கம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கால் மட்டும் மிஷின் மிதியில், நூல் கோக்காத ஊசியை ஓட்டிக்கொண்டே இருந்தது.

"அவரு கையும் ஒல்லிதான்" என்றார்.

"ஆமாக்கா."

"அப்ப இருட்டுல?"

"யாரும் இல்லக்கா."

"இத்தினி வருசமா காலங்காத்தால எந்திரிச்சி ஆளு இல்லாத எடத்துல குசலம் விசாரிச்சிகினு இருந்துகீறேன். கட்னவன வாய்க்கு வந்தபடி வைதுகினு இருந்துகீறேன்."

நான் வண்டியை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

அக்கா வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகமில்லாதவரை எடுத்துவிட்டு, முகம் செதுக்கிய ஆளின் முழங்கையை ஸ்டியரிங் பக்கத்து ஜன்னலில் வைத்து, வண்டியைத் திருத்திக்கொண்டுதான் வந்திருந்தேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது.

"அது இன்னாத்துக்கு?"

"சீட்டு இருந்துதா இல்லியான்னு படத்துல தெரியலக்கா. அதான் விட்டு வெச்சேன்."

"அவரு கழட்டிட்டேன்னு சொன்னாரே" என்றார் அக்கா. "கழட்டு."

இடுக்கியால் பிடித்து இழுத்தேன். சீட் கையோடு வந்தது. தரையில் இரண்டு சொட்டுப் பசை காய்ந்த தடம் மட்டும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து கூரையை ஒட்டிக் கொடுத்தேன். இனிமேல் அதைத் திறக்க முடியாது. உள்ளே யார் இருக்கிறார், யார் இல்லை என்பது முடிந்துபோன விஷயம்.

வண்டி இப்போது கல்மண்டபத்தில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அங்கேயும் லாரிகள் போகின்றன, அங்கேயும் அது நகர்கிறது. சக்கரத்துக்கு அடியில் தீக்குச்சி வைக்கச் சொன்னேன். "அவரு வாசாண்ட போவட்டும், நான் திருப்பி வெச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

என் கணக்கில்தான் ஒரு ஆள் மிச்சம். முகமில்லாதவர். அக்கா வீட்டில் இத்தனை வருடம் குடியிருந்தவரை நான்தான் காலி செய்து கூட்டி வந்தேன், தூக்கிப் போட மனம் வரவில்லை. தீப்பெட்டியில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். டிரெய்லர் போகும்போதெல்லாம் உள்ளே டக் டக் என்று தட்டுகிறார். காலையில் பார்த்தால் தீப்பெட்டி வாசல் பக்கம் நகர்ந்திருக்கிறது.

மேஸ்திரியைக் கேட்டேன். மேல்தட்டு சாய்வாக இல்லையாம்.