தளர்த்தினால் பச்சை

என் சித்திக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அம்மா, "டாக்டர் மாதிரி" என்பாள். அப்பா, "டேப்ப வச்சுக்கிட்டுப் பிள்ளைங்க கைய அளக்கா" என்பார், ஏதோ தையல் கடையில் உட்கார்ந்திருப்பவளைச் சொல்வதுபோல. ஆராய்ச்சி என்ற சொல்லை இருவருமே தொடமாட்டார்கள். ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும் வேண்டாமா? சித்தியோ முனிர்காவில் மூன்றாவது மாடி அறையிலிருந்து காலையில் முதுகுப்பையோடு பஸ் பிடித்துப் போய், மாலையில் முழங்கால்வரை சிமென்ட் தூசியோடு திரும்புகிறவள்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு ஜனவரியில் வடக்கத்திக் குளிர் தாங்காது என்று பள்ளி விடுமுறையை இன்னொரு வாரம் நீட்டினார்கள். அப்பா, அம்மா இருவருக்கும் ஆபீஸ். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் என்னைத் தனியாக விடப் பயந்து, அந்த வாரம் முழுக்க முனிர்காவில் தங்கச் சொல்லிச் சித்தியின் தலையில் கட்டிவிட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு ஒரு மூலையில் உட்காரும் ஜாதி இல்லை என்பது சித்திக்குத் தெரியும். இருந்தும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், பாவம்.

பஸ்ஸில் சித்தி எனக்கு விஷயத்தை விளக்கினாள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை என்றால் மேல்கை இளைத்துப்போகும். அதைச் சுற்றி அளக்க மூன்று நிறம் போட்ட ஒரு டேப். பச்சை வந்தால் கவலையில்லை. மஞ்சள் வந்தால் கவனிக்கவேண்டும். சிவப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

"இத நாங்க அளக்கதுக்குப் பதிலா அம்மாமாரே அளந்தா என்னன்னுதான் பாக்கோம். இந்தக் கட்டடம் முடிஞ்சா வேற ஊருக்குப் போயிருவாங்க. அங்கல்லாம் நானா பின்னாலயே போகப்போறேன்?" என்றாள்.

அதனால் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு டேப் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். அவர்களே அவ்வப்போது அளந்து பார்க்கவேண்டும். சிவப்பு என்றால் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் சித்தி போட்டிருக்கும் மேசைக்கு வந்து சொல்லவேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தாய் அளந்து நிறத்தைச் சொன்ன பிறகு, சித்தி தானும் அளந்து இரண்டையும் குறித்துக்கொள்வாள்.

"அவங்க அளக்கும்போது நீ வாயத் தொறக்கப்படாது, கேட்டியா? கண்ணக் காட்டினாலும் கொன்னுருவேன்."

பாதி கட்டி நின்ற அந்தப் பெரிய கட்டடத்தின் பின்னால் கூலியாட்களின் தகரக் குடிசைகள் வரிசையாக இருந்தன. குளிருக்காக ஒவ்வொரு குழந்தைக்கும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், குல்லா, போர்வை. எல்லாக் குழந்தைகளும் பஞ்சு மூட்டைபோலக் கொழுகொழுவென்று தெரிந்தார்கள். மூட்டையைப் பிரித்தால்தான் உள்ளே இருக்கும் ஆள் யார் என்பது தெரியும். ஒவ்வொரு மூட்டையைப் பிரிக்கும்போதும் நான் எட்டி எட்டிப் பார்த்தேன்.

சித்தியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பழைய டேப்பை வாங்கிக்கொண்டேன். என் கை பச்சை. தெர்மாஸ் பச்சை. தண்ணீர்க் குழாய் சிவப்பு. அங்கே சுற்றிக்கொண்டிருந்த நாயின் முன்னங்காலும் சிவப்பு. நாயை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டாமா என்று கேட்டு சித்தியிடம் திட்டு வாங்கினேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். டேப்பை இறுக்காமல் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் நாய்க்கும் பச்சை வந்தது. இது இத்தனை படித்த சித்திக்குத் தெரியவில்லையே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் கடைசிக் குடிசைப் பக்கம் போனேன். அங்கே ஒரு சின்ன அம்மா இருந்தாள், தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் வயசுதான். கணவன் ஊருக்குப் போயிருந்தான். அவளுடைய ஐந்து வயதுப் பெண் மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். மடியில் பத்து மாதப் பையன். அவள் மூட்டையைப் பிரித்தாள். மூன்று ஸ்வெட்டருக்குள்ளிருந்து முருங்கைக்காய் மாதிரி ஒரு கை வந்தது. டேப்பைச் சுற்றினாள். சிவப்பு.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் சிவப்பு என்றால் ஃபெயில். கணக்கு நோட்டைப் பார்த்து நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஐயோ என்று இருந்தது. சித்தி சொன்னதெல்லாம் மறந்துபோய், "இவ்வளவு இறுக்காதீங்க தீதி, கொஞ்சம் தளர்த்துங்க, பச்சை வரும்" என்று இந்தியில் சொல்லிக்கொடுத்தேன்.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். டேப்பைத் தளர்த்தினாள். பச்சை! நான் கை தட்டினேன். அவள் பையனின் இரண்டு கைகளையும் பிடித்துத் தட்டவைத்தாள். அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் முறை வந்தது. அவள் அளந்து, "ஹரா" என்றாள். சித்தி பச்சை என்று குறித்துக்கொண்டு தன் டேப்பைச் சுற்றினாள். எடுத்தாள். மறுபடியும் சுற்றினாள். கூட வேலை செய்யும் இன்னொரு தீதியைக் கூப்பிட்டு அவளையும் அளக்கச் சொன்னாள். பையனின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நல்ல காய்ச்சல். இத்தனை பேர் பிடித்து இழுத்தும் அவன் அழவில்லை.

"நீங்க எப்படி அளந்தீங்க, இன்னொரு தரம் காட்டுங்க" என்றாள் சித்தி இந்தியில். அவள் காட்டினாள். டேப்புக்கும் கைக்கும் நடுவில் இரண்டு விரல் போகும்.

"இப்படிச் செய்யச் சொல்லி யார் சொன்னாங்க?"

நான் சித்தியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அந்தத் தாய் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "யாரும் சொல்லலை தீதி. எனக்குத்தான் கை சரியா வரலை" என்றாள். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாள் அந்தத் தாய். சித்தி கெஞ்சினாள், அதட்டினாள். இரண்டு வாரம் தங்கவேண்டியிருக்கும், தாயும் பிள்ளையும் மட்டும்தான் தங்கலாம் என்று கூட இருந்த தீதி சொன்னாள். அவள் மணலில் இருந்த பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தியும் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"பெரியவள் என்னோட இருக்கட்டும்" என்றாள் சித்தி. தீதி சித்தியின் முழங்கையைப் பிடித்து இழுத்து, ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் இப்படியெல்லாம் செய்யக்கூடாது, ரூல் இல்லை என்றாள். "ரூல அப்புறம் பாக்கலாம், ஆட்டோவைக் கூப்பிடுங்க, ஜல்தி" என்றாள் சித்தி. அதன் பிறகுதான் அந்தத் தாய் எழுந்தாள்.

அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு முனிர்கா அறைக்கு வந்ததும், சித்தி தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். சித்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, அந்தப் பிள்ள செத்திருக்கும்."

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு என்னோடு பேசவேயில்லை. தோசை கருகியது. நான் ஏங்கி ஏங்கி அழுதேன். அந்தப் பையன் செத்துப்போனால் போலீஸ் சரோஜினி நகருக்கு வருமா, முனிர்காவுக்கு வருமா என்று வேறு பயம். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த சித்தி, காய்ச்சல் விட்டது, பால் குடிக்கிறான் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பெண்ணையோ எனக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. என் ரோஸ் ஸ்வெட்டர் அவளுக்குப் போனது. சித்தியின் பக்கத்தில் நான் படுத்த இடமும் அவளுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் வெயில் காய்ந்துகொண்டு ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். சித்தி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பழைய டேப்பை எடுத்து என் கைக்குச் சுற்றினாள், லொடலொடவென்று. "ஹரா" என்றாள்.

"இப்படி இல்லை, இறுக்கிப் பிடிக்கணும்" என்றேன். இப்போது நான் திருந்தியவள் அல்லவா.

"மம்மி இப்படித்தான் வைப்பா."

"அது நான் சொல்லிக்கொடுத்தது."

"இல்லை. நீ வரதுக்கு முன்னாடியே மம்மி இப்படித்தான். முதல்ல லால் வரும். அப்புறம் இப்படிப் பண்ணி ஹரா ஆக்குவா. லால்னா தம்பியையும் மம்மியையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நான் யார்கிட்ட இருப்பேன்?" என்று சொல்லிவிட்டு அவள் ஆரஞ்சுக்குக் கை நீட்டினாள்.

அப்பாடா! நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கியது. தப்பு என்னுடையது இல்லை. நான் ஒரே ஓட்டமாகச் சித்தியிடம் போய் அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன்.

சித்தி என்னைத் தூக்கிக் கொஞ்சுவாள் என்று காத்திருந்தேன். அவள் நோட்டைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "இத நான் யார்ட்டயும் கேக்கவே இல்லியே" என்றாள், என்னிடம் அல்ல. பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துக்கொண்டு அழுதாள். நிரபராதி நான் இங்கே நிற்க, அவளுக்கு என்ன மடி வேண்டியிருக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மீதி ஆரஞ்சுச் சுளைகளை அவளுக்கு ஒன்றுகூட வைக்காமல் நானே தின்றுவிட்டேன்.