கடைசி எடை

மாலை நாலு மணிக்குச் செய்தி வந்தது. ஐந்து மணிக்கு ஏற்ற வேண்டிய கடைசி எடையைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, அக்கா மண் பரிசோதனைக் கூடத்தில் காத்திருந்தாள். தொலைபேசியில் தம்பியின் மனைவி.

"அக்கா... கரை சரிஞ்சிடுச்சாம். அவர மண்ணுக்குள்ள இருந்து எடுத்துட்டாங்களாம்."

"எடுத்துட்டாங்கன்னா? எப்படி இருக்கான்?"

மறுமுனையில் அழுகை வெடித்தது. அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

சின்ன வயதில் கணக்கு வராத தம்பிக்கு அவள் வைத்த பெயர் களிமண். அந்தப் பெயர் வீட்டில் ஒட்டிக்கொண்டது. அவள் கல்லூரிக்குப் போய் மண்ணைப் பற்றிப் படித்து ரயில்வேயின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். அவன் தண்டவாளம் பராமரிக்கும் ஆட்களோடு சேர்ந்து, பிறகு அவர்களுக்கு மேஸ்திரி ஆனான். "விழுந்து விழுந்து படிச்சியே, கடைசியில நீயும் மண்ணைத்தானே கிளறுற?" என்று அவளைச் சீண்டுவான். தண்டவாளத்தில் முகம் படக் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தே வளைவு எங்கே என்று சொல்லிவிடுவான். "உன் பக்கம் வந்தா வண்டியில டீ கூட சிந்தாதுய்யா" என்று ஒரு முறை பொறியாளர் சொன்னதை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவன் பொறுப்பில் இருந்த ரயில் பாதை, ஓரிடத்தில் தாழ்வான நிலத்தின் குறுக்கே ஒரு பழைய மண்கரை மேல் போகும். மழைக்காலத்தில் வண்டி போகும்போதெல்லாம் தண்டவாளத்துக்கு அடியிலுள்ள கட்டைகள் அமுங்கி எழும். ஜல்லிக்கு இடையிலிருந்து சேறு பீச்சியடிக்கும். 'பாதை கக்குது' என்பார்கள். உடனே அவன் புது ஜல்லி கொட்டி, இறுக்கி, மட்டம் பார்த்துவிடுவான். அதிகாரிகள் பார்வைக்கு வருகிறார்கள் என்றால் முந்தின நாளே ஒரு சுற்றுக் கல் கூடுதலாக விழும். சேறு கண்ணில் பட்டால் மேஸ்திரிக்கு மானக்கேடு. அதனால் அந்தக் கரை கக்கியதை எந்த அதிகாரியும் பார்த்ததே இல்லை.

இந்த வருடம் பாரம் கூடிய புதிய சரக்குப் பெட்டிகள் வந்தன. கல் போட்ட மறுநாளே பாதை இறங்கியது. சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்த்தான். கல்லுக்குக் கீழே கல், அதற்கும் கீழே கல். கை முழுக்க உள்ளே விட்டும் அடி எட்டவில்லை. எல்லாம் அவன் போட்ட ஜல்லி.

அன்று நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். "தண்ணி வடியட்டும்னுதானேக்கா கல்லு போடுறோம்?"

அவள் பிசைந்துகொண்டிருந்த மாவில் கட்டைவிரலை அழுத்தி, பள்ளத்தில் தண்ணீர் விட்டுக் காட்டினாள். "கல்லு வடிய விடும். அடியில இருக்கிற களி விடாது. நீ போடப் போட, கல்லு களிக்குள்ள இறங்கி இந்த மாதிரி கிண்ணம் பண்ணிடுச்சு. மழைத்தண்ணி அதுல நின்னு கரையை உள்ளேயே ஊற வைக்குது."

அவன் அந்தப் பள்ளத்தையே பார்த்தான். "அப்ப நான் பாதையைப் பார்த்துக்கலை. இத்தனை வருஷமா குழி வெட்டியிருக்கேன்."

அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். மாவை மறுபடி பிசைந்து அந்தப் பள்ளத்தை மூடினாள்.

வண்டிகளை அங்கே மெதுவாக விடச் சொல்லி மறுநாள் பொறியாளரிடம் போய் நின்றான். அவர் கெட்டவர் இல்லை. "வாய் வார்த்தைக்கெல்லாம் வேகத்தைக் குறைக்க முடியாதுப்பா. மண் ரிப்போர்ட் வரட்டும். அதுவரைக்கும் கல்லைப் போட்டுக்கிட்டு இரு" என்றார்.

கரையின் களியை ஒரு குழாயில் எடுத்து, இரு முனையிலும் மெழுகு ஊற்றி அடைத்து, பேருந்தில் குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தான். அக்கா அதிலிருந்து ஒரு வில்லை வெட்டி, கருவியின் தண்ணீர்க் கிண்ணத்தில் இருந்த வளையத்துக்குள் வைத்தாள். அதன்மேல் ஒரு எடை. மறுநாள் அதே நேரத்தில் அதைப் போல இரண்டு மடங்கு. களி சட்டென்று அமுங்காது. உள்ளே இருக்கும் நீர் கசிந்து வெளியேற வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும்.

"எல்லா எடையையும் ஒரே நாள்ல ஏத்திட்டா என்ன?" என்று தினமும் போன் செய்து கேட்டான்.

"அவசரப்படுத்தினா தப்பான பதில்தான் வரும்டா. களி இதுவரைக்கும் தாங்கின பெரிய பாரத்தை ஞாபகம் வெச்சிருக்கும். அதுவரைக்கும் அசையாது. தாண்டினா இறங்கிடும். புதுப் பெட்டியோட பாரம் கடைசி எடையிலதான் வருது."

"என்னை விட அதுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி போல."

"அதுக்கும் உன் பேருதானே, களிமண்ணு!"

அவன் சிரித்தான். அதுதான் அவள் கேட்ட கடைசிச் சிரிப்பு.

கடைசி எடை ஏற்ற வேண்டிய அன்று மதியம், மழை விட்டதும் சரக்கு வண்டி ஒன்று கடந்து போயிருக்கிறது. பின்னாலேயே அவன் கரை விளிம்பில் இறங்கி நின்று ஜல்லி இழுத்துப் போட்டிருக்கிறான். பொறியாளர் சொன்ன வேலை. கரை அவனோடு சேர்ந்து இறங்கியது. வருடக்கணக்காக அவன் போட்ட கல்லெல்லாம் அவன்மேல் வந்தது.

இழவு வீட்டில் யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. தம்பி மனைவி மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா கணக்கு வந்துட்டா போதும், வண்டியை நிறுத்திடுவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அக்காவால் அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை.

சரிந்த இடத்தில் லாரி லாரியாக ஜல்லி கொட்டி, பாதையைத் திறந்துவிட்டார்கள். ரிப்போர்ட் வராததால் வண்டிகள் பழைய வேகத்திலேயே போகின்றன.

அவள் கூடத்துக்குத் திரும்பியபோது கருவியின் கிண்ணத்தில் தண்ணீர் வற்றி, களி காய்ந்து வளையத்தை விட்டு விலகி வெடித்து, சோதனைக்கு உதவாமல் போயிருந்தது. துடைத்து வைத்த கடைசி எடை மேசைமேல் அப்படியே இருந்தது. அதை யாரும் ஏற்றவில்லை.